மறதி நோய் உள்ள அம்மம்மாவுக்கு டேப்லெட் விளையாட்டு உதவுமா?

உதவும். ஆனால் டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோயை எந்த விளையாட்டும் குணமாக்காது. முகம் மலரும், பக்கத்தில் இருப்பவரோடு பேச்சு வரும். அதுவே பெரிய விஷயம். நெதர்லாந்தில் உருவான டோவர்டாஃபல் என்ற விளையாட்டுக் கருவி மேசைமேல் ஒளியால் பூ, இலைகளைக் காட்டும். கையால் தள்ளினால் அவை நகரும். அதில் தோல்வியே கிடையாது. புள்ளிக்கணக்கு, பிழைச் சத்தம் உள்ள விளையாட்டுகளைத் தவிருங்கள். எதில் பிழைவிட்டோம் என்பது மறந்தாலும் பதற்றம் தங்கிவிடும்.

உங்கள் வீட்டுக்கு டேப்லெட்டே போதும். குடும்பப் படங்களைப் பெரிதாகப் போட்டு, நீங்களும் கூட இருங்கள். "இது யார் சொல்லுங்கோ?" என்று சோதிக்காதீர்கள், "இது சின்ன மாமாவின் கலியாணம்" என்று நீங்களே தொடங்குங்கள். பலருக்குப் பின்னேரம் குழப்பம் கூடும், காலைதான் நல்லது. அப்புறம், அம்மம்மாவைப் பராமரிப்பவர் உங்கள் அம்மா என்றால், அவருக்கும் ஓய்வு வேண்டும். கொழும்பு மருதானையில் உள்ள லங்கா அல்சைமர்ஸ் ஃபவுண்டேஷனில் அவரும் பேசிப் பார்க்கலாம்.