சிமெண்ட் ஆலைப் புகையைப் பிடிக்க முடியுமா?

கேள்வி: 2025 வேதியியல் நோபல் பரிசு பெற்ற எம்.ஓ.எஃப். என்னும் நுண்துளைப் பொருள் கரியமில வாயுவை உறிஞ்சுமாமே? எங்கள் ஊரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள்தான். புகைபோக்கியில் இதை வைக்க முடியாதா? அல்லது நிலக்கரியை விட்டாலே போதுமா?
– வாசகி, அரியலூர்

பதில்: நிலக்கரியை விட்டால் மட்டும் போதாது. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டும். ஒரு கிலோ சுத்தமான கல்லைச் சுட்டால் 440 கிராம் கரியமில வாயு அந்தக் கல்லிலிருந்தே வரும். சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இது நிற்காது. அதனால்தான் சிமெண்டுக்கு இந்த ஆராய்ச்சி அவசியம் என்று நினைக்கிறேன்.

கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் அந்தப் பரிசு. உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்தால், கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி உள்ளே வெற்றிடம் நிறைந்த படிகம் கிடைக்கும். வாயு அதன் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டும் என்பதைத்தான் செய்திகள் பெரிதாகச் சொல்கின்றன. எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு: ஈரத்தைத் தாங்குமா?

நான் வேலை பார்த்த ஆக்ஸிஜன் ஆலையில், காற்றைக் குளிர்விப்பதற்கு முன் அதிலுள்ள கரியமில வாயுவை நீக்க ஜியோலைட் 13எக்ஸ் என்னும் நுண்துளைக் கனிம மணிகளைப் போட்டிருப்போம். ஈரம் பட்டால் போச்சு, அவை தண்ணீரைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே முன்னால் ஈரத்தை உறிஞ்ச ஓர் அலுமினா அடுக்கு இருக்கும். புகைபோக்கியிலோ நீராவிக்குக் குறைவில்லை. 1999-இல் வந்த எம்.ஓ.எஃப்.-5 ஈரக்காற்றிலேயே சிதைந்துவிடும்.

இந்தத் தடையைத் தாண்டியது கால்ஃப்-20 என்னும் எம்.ஓ.எஃப். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஷிமிசு குழுவினர் துத்தநாக உலோகத்தை ட்ரையசோல், ஆக்சலேட் என்னும் கரிம மூலக்கூறுகளால் இணைத்துச் செய்தது. 2021-இல் ஆய்வு முடிவு வெளியானது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் வரை இருந்தாலும் கரியமில வாயுவுக்கே முதலிடம் கொடுக்கிறது. நீராவியைச் செலுத்தினால் பிடித்ததை விட்டுவிடுகிறது, ஆனால் சட்டகம் சிதைவதில்லை. அப்புறம் மறுபடி பிடிக்கலாம். செய்வதும் எளிது. வான்கூவர் அருகே ரிச்மண்டில் உள்ள லஃபார்ஜ் சிமெண்ட் ஆலையில் ஸ்வாண்டே நிறுவனம் இதை வைத்து நாளொன்றுக்கு சுமார் ஒரு டன் பிடித்துக் காட்டியது.

ஒரு டன் என்பது எவ்வளவு சிறிது என்று பாருங்கள். ஒரு டன் சிமெண்டுக்கு 600 கிலோ வாயு என்று வைத்தாலும், ஆண்டுக்கு 10 லட்சம் டன் சிமெண்ட் செய்யும் ஆலை தினமும் 1,600 டன்னுக்கு மேல் வெளியேற்றும். அவ்வளவையும் பிடித்தால் எங்கே கொண்டுபோவது? தூத்துக்குடியில் ஓர் ஆலை 2016-இல் கொதிகலன் புகையிலிருந்து பிடித்த வாயுவை சோடா ஆஷ் செய்யப் பயன்படுத்தத் தொடங்கியது. அது திரவத்தால் பிடிக்கும் முறை, ஆனால் பிடித்ததற்கு அங்கேயே ஒரு வேலை இருந்தது. சிமெண்ட் ஆலைக்குள் அப்படி ஒன்று இல்லை. பூமிக்கடியில் செலுத்துவதென்றால் அதற்கேற்ற பாறை வேண்டும், குழாய் வேண்டும்.

சரி, உங்கள் ஊரில் எந்த ஆலையாவது இப்படி ஒரு திட்டத்தை அறிவித்தால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நீராவிக்கு வெப்பம் எங்கிருந்து வரும்? பிடித்த வாயு எந்த இடத்துக்குப் போகும்?