எண்ணிக்கை குறையவில்லை என்றால் மாத்திரை வீணா?

கேள்வி: எனக்கு 54 வயது, பள்ளி ஆசிரியை. இரண்டு வருடமாகச் சிறுநீர் அவசரத் தொல்லை. முட்டிக்கொண்டு வந்தால் உடனே ஓடியாக வேண்டும். சில நாள் பாத்ரூம் போய்ச் சேர்வதற்குள் உடை நனைந்துவிடும். கிருமித் தொற்று இல்லை, சர்க்கரை இல்லை, இது ஓவர் ஆக்டிவ் பிளாடர் என்று சொல்லி டாக்டர் சாலிஃபெனாசின் 5 மில்லிகிராம் கொடுத்தார். மூன்று வாரம் ஆகிறது. நாளுக்கு 12 முறை போய்க்கொண்டிருந்தேன், இப்போது 10 அல்லது 11. ஒரு பாடவேளை முழுக்க வகுப்பில் நிற்க முடிகிறது, அவ்வளவுதான். ஆனால் வாய் எந்நேரமும் காய்கிறது, தண்ணீர் பாட்டில் கையை விட்டு இறங்குவதில்லை. மலச்சிக்கல் வேறு. வேலை செய்யாத மாத்திரைக்காக இதையெல்லாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? நிறுத்திவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இப்போது நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே மாத்திரை வேலை செய்வதற்கான சாட்சி இருக்கிறது. பாடவேளை முழுக்க வகுப்பில் நிற்க முடிகிறது என்று எழுதிவிட்டு, "அவ்வளவுதான்" என்று தாண்டிப் போய்விட்டீர்கள். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சிறுநீர்ப்பை நிரம்பும்போது அதன் தசை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அது சரியாக நிரம்பும் முன்பே சுருங்கத் தொடங்குகிறது, அதனால்தான் அந்தத் திடீர் அவசரம். தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனச் செய்தியை இந்த மாத்திரை தடுக்கிறது. பலன் முதலில் தெரிவது பெரும்பாலும் எண்ணிக்கையில் அல்ல. உணர்வு வந்ததற்கும் அடக்க முடியாமல் போவதற்கும் நடுவில் கிடைக்கும் அவகாசத்தில்தான். ஒரு நிமிடம்கூட இல்லாத இடத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் உடை நனையாது, பயணம் போகலாம், கூட்டத்தில் உட்காரலாம். மருந்து ஆய்வுகளிலேயே சராசரியாகக் குறைவது நாளுக்கு ஒன்றிரண்டு முறைதான். 12 என்பது 6 ஆகும் என்று எதிர்பார்த்தால் நல்ல மருந்தும் தோற்றுப்போனதாகவே தோன்றும்.

உங்கள் விஷயத்தில் எண்ணிக்கை குறையாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: அந்தத் தண்ணீர் பாட்டில். அதே அசிட்டைல்கோலின்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் குடலையும் இயக்குகிறது. மாத்திரை அங்கேயும் கை வைப்பதால் வாய் காய்கிறது, மலம் இறுகுகிறது. வாய் காய்ந்தால் தாகம் என்று நினைத்துக் குடிக்கிறோம். உடம்புக்குத் தேவையில்லாத அந்தத் தண்ணீர் சிறுநீராகத்தானே வெளியே வர வேண்டும்! இறுகிய மலமும் பக்கத்தில் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும். ஆக, மாத்திரை ஒரு பக்கம் கொடுக்கும் நிம்மதியை அதன் பக்கவிளைவுகளே இன்னொரு பக்கம் பறித்துக்கொள்கின்றன. நிறையப் பேர் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். இந்த வகை மாத்திரைகளைத் தொடங்குபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள், பலர் டாக்டரிடம் சொல்லாமலேயே. அதுதான் எனக்கு வருத்தம்.

அதனால் வாய் காய்ந்தால் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைத்துக்கொள்ளுங்கள், பாட்டிலைக் காலி செய்ய வேண்டாம். சர்க்கரை இல்லாத சூயிங்கம் உமிழ்நீரைத் தூண்டும். அதற்காகத் தண்ணீரை ஒரேயடியாகக் குறைத்துவிடவும் கூடாது, சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பைக்கு அதுவும் எரிச்சல்தான். மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் நடையும் போதவில்லை என்றால் டாக்டரிடம் மருந்து கேளுங்கள். சளிக்கும் அரிப்புக்கும் போடும் தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரை எதையாவது கூடவே சாப்பிடுகிறீர்களா? அதுவும் இதே வேலையைச் செய்து வாயை மேலும் காயவைக்கும்.

மூன்று வாரம் தீர்ப்புச் சொல்லப் போதாது. முழுப் பலன் தெரிய நான்கிலிருந்து எட்டு வாரம் ஆகும். அதற்குள் மூன்று நாள் மட்டும் ஒரு குறிப்பு எழுதுங்கள்: எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது போனீர்கள், அளவுக் குவளையில் எத்தனை மில்லி, அவசரம் எப்படி, கசிந்ததா, இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள். எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் ஒவ்வொரு முறையும் 120 மில்லி போன இடத்தில் 200 மில்லி போகிறது என்றால் சிறுநீர்ப்பை இடம் கொடுக்கத் தொடங்கிவிட்டது, நீங்கள்தான் கூடுதலாகக் குடிக்கிறீர்கள் என்று அந்தத் தாளே சொல்லிவிடும். டாக்டருக்கும் அதைவிட நல்ல தகவல் கிடையாது.

கிடைத்திருக்கும் அவகாசத்தைப் பயிற்சிக்கும் பயன்படுத்துங்கள். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே, சிறுநீரை நிறுத்துவதற்கு இறுக்குவோமே அந்தத் தசையை, நாலைந்து முறை சட்சட்டென்று இறுக்கி விடுங்கள். அவசரம் கொஞ்சம் தணியும், அப்புறம் நிதானமாக நடங்கள். முதலில் ஐந்து நிமிடம் தள்ளிப்போடப் பழகி, வாரங்கள் போகப் போகக் கூட்டலாம். மாத்திரையும் பயிற்சியும் சேரும்போது பலருக்குக் கூடுதல் பலன் கிடைக்கிறது.

சரி, எட்டு வாரம் ஆகியும் வாய் காய்வதுதான் பெரிய துன்பம் என்றால்? மாற்று இருக்கிறது. மிராபெக்ரான் வேறு வழியில் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்துகிறது. வாய் உலர்வது அதில் மிகக் குறைவு. ஆனால் ரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும், அதனால் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டுக்குள் வராத கடுமையான ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு அது கூடாது. மாத்திரைகளே ஒத்துவரவில்லை என்றால் சிறுநீர்ப்பைக்குள் போடும் போடாக்ஸ் ஊசி, கணுக்கால் நரம்பைத் தூண்டும் சிகிச்சை என்று அடுத்த படிகளும் உண்டு. வாய் காய்கிறது என்று டாக்டரிடம் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருக்கலாம். தயங்காதீர்கள், மருந்தை மாற்ற அவருக்கு அது போதுமான காரணம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ சாலிஃபெனாசின், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரையைத் தொடங்கிய பிறகு மறதியோ குழப்பமோ கூடினால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சகோதரி, உங்களுக்குக் குறுகிய கோண கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடும் ஒரு நோய்) என்று கண் டாக்டர் எப்போதாவது சொல்லியிருந்தால், அதை மாத்திரை கொடுத்தவரிடம் இன்றே தெரிவியுங்கள். சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடிவயிறு கனத்தாலோ, கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினாலோ எட்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.