தக்காளி விலை டேட்டாவ வச்சு கோரிலேஷன் நடத்துறது பத்தி

வணக்கம் மேடம், திண்டுக்கல் மாவட்ட தக்காளி சப்ளை செயின வச்சு பிகாம் பசங்களுக்கு ஆன்லைன்ல ஸ்டாட்ஸ் எடுக்கறீங்க, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலைக்கும் சென்னை விலைக்கும் கோரிலேஷன் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுதுன்னு காட்டுற அளவு, அதிகபட்சம் 1) 0.9க்கு மேல வருது, நம்பலாமான்னு கேட்டிருந்தீங்க. அப்படியே நம்பிடாதீங்க. ரெண்டு விலையுமே சீசன்ல சேர்ந்து ஏறி சேர்ந்து இறங்குது, அதனால சரக்கு ஒட்டன்சத்திரத்துல இருந்து சென்னைக்கு வரலேன்னாக்கூட நம்பர் பெருசாத்தான் காட்டும். நேத்து விலையில இருந்து இன்னிக்கு விலை எவ்வளவு மாறுச்சுன்னு ஷீட்ல ஒரு காலம் (column) போட்டு, அந்த மாற்றத்துக்கு கோரிலேஷன் எடுங்க, அப்புறம் சென்னை காலத்த ஒரு நாள் தள்ளி வச்சும் பாருங்க, லாரி போய் சேர்ற நேரம் அதுல தெரியலாம். இதெல்லாம் கூகுள் ஷீட்ஸ்ல ஃபோன்லயே முடியும், பைத்தான் மாதிரி ப்ரோக்ராமிங் இப்போ வேணாம்.

இன்னொன்னு, அக்மார்க்நெட்ல (மத்திய அரசோட மார்க்கெட் விலை வெப்சைட்) எடுத்தா உழவர் சந்தை விலையும் அதே லிஸ்ட்ல வரும். அங்க விலைய காலையில கமிட்டி வச்சு நிர்ணயிக்கிறாங்க, ஏலத்துல வர்ற மொத்த விலை இல்ல, தயவுசெஞ்சு கலக்காதீங்க. அந்த லிஸ்ட்ல விலை குவிண்டாலுக்கு (100 கிலோ) இருக்கும், நியூஸ்ல கிலோ கணக்கு சொல்வாங்க, பசங்க இங்கதான் நிறைய குழம்புவாங்க. லீவு நாள்ல காலியா இருக்கற கட்டத்துல சைபர் போட விடாதீங்க, சராசரியே கெட்டுடும். அக்மார்க்நெட்லயே மோடல் விலைன்னு ஒரு காலம் இருக்கே, மோட் (அதிகமா வர்ற மதிப்பு) நடத்த அத விட நல்ல உதாரணம் எனக்கு தெரிஞ்சு இல்ல. மாற்றம் போட்டதுக்கப்புறம் நம்பர் என்ன வருதுன்னு இங்கயே போடுங்க, சேர்ந்து பாக்கலாம்.