முதல் சி.டி. ஸ்கேன் சரியாக இருந்தாலும், இப்போது மறுபடியும் எடுக்க வேண்டும்

வணக்கம். இதய வால்வு அறுவைக்குப் பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுத்துவரும் 72 வயதுத் தந்தையார் குளியலறையில் வழுக்கி விழுந்த அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் குறையேதும் இல்லை என்றும், நான்கு வாரம் கழித்துத் தலைவலியும் பகல் தூக்கமும் நடையில் தள்ளாட்டமும் தெரிகின்றன என்றும், இதை முதுமை என்று விடலாமா, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிட வேண்டாம்; மூளை அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள்.

முதல் நாள் ஸ்கேன் அந்த நேரத்து நிலையை மட்டுமே காட்டும். முதுமையில் மூளை சற்றே சுருங்கியிருப்பதால், அதற்கும் வெளியுறைக்கும் இடையே செல்லும் சிறு சிரைகள் இழுபட்டு, மெல்லக் கசியும் இரத்தம் வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தக்கூடும். வார்ஃபரின் எடுப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சி.டி.யில் புதிய இரத்தம் வெண்மையாகவும் பழையது கருமையாகவும் தெரியும். இடைப்பட்ட வாரங்களில் அது மூளைத் திசுவின் சாம்பல் நிறத்தோடு ஒன்றிக் கண்ணுக்குத் தப்பவும் கூடும் என்பதால், விழுந்த தேதியை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள், பழைய படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

நுண்ணிய நரம்பிழைச் சேதத்தைக் காண எம்.ஆர்.ஐ. சிறந்ததுதான், ஆனால் இங்கு கேள்வி அதுவன்று, சில நிமிடங்களில் முடியும் சி.டி.யே முதலில் தேவை. வார்ஃபரினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். இரத்தம் தேங்கியிருப்பது உறுதியானால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடிக்கும் சிகிச்சை பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. அதற்குள் வாந்தியோ ஒரு பக்கக் கை கால் பலவீனமோ தோன்றினால் 108ஐ அழையுங்கள்.