கொழும்பில் ஒரு செமஸ்டர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பரிமாற்ற மாணவர்களாகக் கொழும்புக்கு வந்திருப்பவர்களும் வரப்போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இவை. கம்பஸில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையிலும் ஒருவர் மாறி ஒருவர் இருந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து ஜூனில் வருகிறேன். பதினாறு வார இறுதிகள்தான் கையில். எல்ல, சிகிரியா, காலி, மிரிஸ்ஸ, சிவனொளிபாதமலை, திருகோணமலை, அறுகம்பை என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எந்த வரிசையில் போகலாம்?

முதலில் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸவையும் சிவனொளிபாதமலையையும் வெட்டுங்கள். நல்ல இடங்கள்தான், பருவம்தான் சரியில்லை. இந்தத் தீவுக்கு இரண்டு மழை. மே முதல் செப்டெம்பர் வரை வருவது தென்மேற்கு மழை. கொழும்பையும் தெற்குக் கரையையும் மலையின் மேற்குப் பக்கத்தையும் அது நனைக்கும்போது கிழக்கே வெயில் எரிக்கும், திருகோணமலைக் கடலும் குளம் மாதிரிக் கிடக்கும். மார்கழி, தையில் எல்லாம் அப்படியே தலைகீழ். சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் ஏறுவது டிசம்பர் போயாவிலிருந்து (போயா என்றால் பௌர்ணமி விடுமுறை) மே மாத வெசாக் போயா வரை. ஜூனில் போனால் படிக்கட்டில் விளக்கு இருக்காது, தேநீர்க் கடை இருக்காது, காலைக் கடிக்கும் அட்டை மட்டும் இருக்கும்.

ஆக, உங்களுக்குக் கிழக்குத்தான். திருகோணமலையில் மலையுச்சியில் கோணேசர் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல் என்று இரண்டு நாள் நிறைந்துவிடும். அறுகம்பை அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். தூரமும் அதிகம். பலகையில் ஏறும் எண்ணம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். காலிக் கோட்டை மதிலில் நடக்க மழை பெரிய தடையல்ல. காலை ரயிலில் போய் இரவு திரும்பலாம். போகும்போது வலப்பக்க யன்னலோரம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

எல்லவில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்பது, பத்து மணித்தியாலம். சனி போய் ஞாயிறு திரும்பினால் நீங்கள் பார்த்தது ரயில் பெட்டியை. செமஸ்டர் நடுவில் வரும் இடைவேளைக்கு அதை வையுங்கள். ஆசன முன்பதிவு முப்பது நாளைக்கு முன் திறக்கும், திறந்த வேகத்தில் முடிந்தும் போகும். எங்கள் வீட்டிலிருந்த ஒரு பிள்ளை முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் ஏறி, கோட்டையிலிருந்து நானுஓயா வரை ஒரு பலாப்பழத்துக்குப் பக்கத்தில் நின்றே போனாள். பழம் ஆசனத்தில் இருந்ததாம். பெருமழை நாட்களில் மண் சரிந்து பாதை மூடப்படுவது வழக்கம், கிளம்பும் முன் விசாரியுங்கள். 1921இல் கட்டிய எல்லவின் ஒன்பது வளைவுப் பாலம் எங்கும் ஓடாது. ஜூன், ஜூலையில் மலையின் மேற்குப் பக்கமான ஹட்டனில் கொட்டும் மழை எல்லவுக்கு அவ்வளவாக வராது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுத்தான் அடிக்கும். (இங்கே நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கடையில் குழம்பாதீர்கள்.)

சிகிரியாவில் வெளிநாட்டவர் கட்டணம் கையைக் கடிக்கும். சார்க் நாட்டவருக்குக் குறைவு, மலேசியருக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கத்திலேயே பிதுரங்கல பாறை, கட்டணம் மிகக் குறைவு. அதில் ஏறினால் சிகிரியாவையே முழுதாகப் பார்க்கலாம், சிகிரியாவில் ஏறினால் அது முடியாது.

அப்புறம், பதினாறிலும் ஊர் சுற்றாதீர்கள். எட்டு சனிக்கிழமையாவது கொழும்பில் இருங்கள். நாலு மாதம் இருந்துவிட்டு, தெருமுனைக் கடைக்காரர் முகம் தெரியாமல் திரும்பிப் போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருச்சியிலிருந்து வந்தவள். நான் பேசும் தமிழுக்கு வெள்ளவத்தையில் சிரிக்கிறார்கள், பஸ்ஸில் சிங்களம் மட்டும். எப்படிச் சமாளிப்பது?

சிரிப்பது கேலி இல்லை தங்கச்சி, சினிமாவில் கேட்ட தமிழ் நேரில் வந்து நிற்கிற சந்தோஷம். நீங்கள் ‘பேசுறேன்’ என்பதை நாங்கள் ‘கதைக்கிறேன்’ என்போம். ‘வாரம்’ இங்கே கிழமை. ரீசார்ஜ் என்று கேட்டாலும் புரியும், ஆனால் கடையில் வழங்கும் சொல் ‘ரீலோட்’.

சிங்களத்தில் நாலு சொல் போதும். ‘கீயத’ என்றால் எவ்வளவு. ‘பஹினவா’ என்றால் இறங்கப்போகிறேன், இதைக் கொஞ்சம் முன்னாடியே சொல்ல வேண்டும். ‘அய்யா’ அவர்களுக்கு அண்ணன், ஆகவே கண்டக்டரை நம் வழக்கப்படி ஐயா என்றாலும் பழுதில்லை. அவர் உங்களை ‘நங்கி’ என்பார், அது தங்கச்சி. ‘எப்பா’வில் மட்டும் கவனம். எங்கள் வீட்டிலிருந்த மதுரைத் தம்பி ஒருவன் புறக்கோட்டைக் கடைத்தெருவில் குடை விலை கேட்டு, ‘எப்பா! இவ்வளவா?’ என்று வியந்திருக்கிறான். சிங்களத்தில் ‘எப்பா’ என்றால் வேண்டாம். கடைக்காரர் குடையை மடித்து உள்ளே வைத்துவிட்டார். தம்பி நனைந்துகொண்டு வந்தான்.

பஸ்ஸில் முன் ஆசனம் மதகுருமாருக்கு உரியது. காலியாக இருக்கிறதே என்று உட்காராதீர்கள். காலி வீதியில் 100, 101 இரண்டும் புறக்கோட்டைக்குப் போகும்.

நான் சுத்த சைவம். இங்கே எதைச் சாப்பிட்டாலும் ஒரு மீன் வாசம் அடிப்பது போலிருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை, மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டை போல் காயவைத்தது. இடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ச் சம்பலில் பெரும்பாலும் இருக்கும், சீனிச்சம்பலில் ஏறக்குறைய நிச்சயமாக இருக்கும். பேக்கரியில் வெங்காயம் வைத்த இனிப்பு பணிஸ் (பன்) என்று எண்ணி வாங்குகிறீர்களே, அது சீனிச்சம்பல் பணிஸ். இடியப்பத்துக்கு ஊற்றும் சொதியிலும் சில கடைகளில் போடுவார்கள். பருப்பையும் நம்ப முடியாது.

‘மீன் இருக்கா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘மாசி போட்டதா?’ என்று கேளுங்கள். இல்லையென்றால் ‘சைவக்கடை’ என்று பலகை போட்ட இடத்துக்குப் போங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தேடவே வேண்டாம். மத்தியானம் மரக்கறிச் சோற்றுப் பார்சல் ஒன்று வாங்கினால் பாதியை இரவுக்கு வைக்கலாம், ஒரு ஆளுக்கு அது அதிகம்.

சுற்றுலா விசாவில் வந்து படிப்பைத் தொடங்கிவிடலாமா?

கூடாது. மாணவர்களுக்கு வதிவிட விசா. கம்பஸ் கடிதத்தோடு பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் முடிக்கும் வேலை. எல்லாவற்றிலும் இரண்டு போட்டோப் பிரதி கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ் (வீட்டோடு ஒட்டிய தனிப்பகுதி) பார்த்தேன். ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்கிறார்கள், இரவு ஒன்பதுக்குக் கேற் பூட்டுமாம். நியாயமா?

அட்வான்ஸ் கேட்பது வழக்கம்தான். ஆனால் நாலு மாதம் இருக்கப்போகிறவர் ஆறு மாதக் காசு ஏன் கட்ட வேண்டும்? போகிற திகதியைச் சொல்லிப் பேசுங்கள், வாங்கியதற்கு எழுத்தில் ரசீது கேளுங்கள். கரன்ட் பில் வாடகையில் சேர்த்தியா என்பதுதான் முக்கியமான கேள்வி. ஏசி இருந்தால் வாடகைக்குப் போட்டியாக அது ஏறும். ஒன்பது மணிக் கேற்றுக்கு எதிராக நான் எதுவும் சொல்லமாட்டேன், எங்கள் வீட்டிலும் அதே சட்டம்.

நான் ஒஸ்லோவில் பிறந்தவள். அம்மம்மாவின் ஊர் யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். நான் போனதே இல்லை. ஒரு வார இறுதி போதுமா?

போதாது. கொழும்பிலிருந்து ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். வெள்ளியிரவு வெள்ளவத்தையிலேயே பஸ் ஏறினால் விடியும்போது இறங்கலாம், ஆனால் முதல் நாள் தூக்கத்தில் போய்விடும். 1990இல் நின்றுபோன ரயில் 2014இல் மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. முதல் தடவை என்றால் பகல் ரயிலில் போங்கள். ஓமந்தைக்கு மேலே நிலம் மாறுவதையும், பனைகள் வரத் தொடங்குவதையும் பார்த்துக்கொண்டு போவது ஒரு விஷயம். குறைந்தது நாலு நாள் வையுங்கள். ஒரு நாள் உறவினர் வீட்டில் சாப்பிட்டே கழியும், மறுக்க விடமாட்டார்கள். நயினாதீவுக்குப் போக ஒரு நாள், குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. ஆடி, ஆவணியில் வந்தால் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள் நடக்கும்.

ஊருக்குப் போகும் நாளை இவற்றோடு கலக்காதீர்கள். ஊர்ப்பெயர் மட்டும் போதாது, எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, பாட்டனாரை ஊரில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பட்டப்பெயர் சொன்னால்தான் வயதானவர்களுக்கு விளங்கும். வீடு இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள், வேறு ஆட்கள் இருந்தால் வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். உங்களைப் போல நோர்வேயிலிருந்து வந்த ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் போனபோது வளவில் சுவர் இரண்டும் கிணறும்தான் மிச்சம். அங்கே நின்றே அம்மம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்திருக்கிறாள். அழுவார் என்று பயந்தாளாம். அவர் கேட்டது, ‘கிணத்திலை தண்ணி கிடக்கோ? எட்டிப் பார், விழுந்திடாதை.’ பகலில் போங்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனிமை தாங்க முடியவில்லை. பட்ச் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்களில் ஒருவரோடு நீங்களும் அந்த ஊருக்குப் போங்கள். ‘வாங்க’ என்று சொன்னால் அது உபசார வார்த்தை இல்லை. பரீட்சைக்கு முன் பிள்ளைகள் தங்களுக்குள் நடத்தும் ‘குப்பி’ வகுப்புக்கும் போய்ப் பாருங்கள். பாடம் விளங்குகிறதோ இல்லையோ, ஆட்கள் கிடைப்பார்கள். தனியாக இருக்கிற ஞாயிறில், 57ஆம் ஒழுங்கைப் பக்கம் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1942இல் தொடங்கியது, நூலகம் உண்டு. மாலையில் காலிமுகத்திடலில் இறால் வடை. காகிதத்தில் வைத்து வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்கள், ஒரு கையால் வடையையும் மறு கையால் காற்றில் பறக்கும் காகிதத்தையும் பிடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும். போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறையில் நகரமே காலியாகிவிடும். பஸ்ஸில் இடம் கிடைக்கும் நாட்கள் அவைதான். போயா அன்று இறைச்சிக்கடையும் மதுக்கடையும் பூட்டு.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து கொழும்பு வரலாமா? அம்மா பத்துக் கிலோ பொன்னி அரிசி கொண்டுபோகச் சொல்கிறார்.

வரலாம், ஆனால் கடல் மோசமானால் கப்பல் ஓடாது. வகுப்பு தொடங்கும் நாளுக்கு ஒட்டி டிக்கெட் போடாதீர்கள். அரிசியை விடுங்கள், பொன்னியும் சம்பாவும் வெள்ளவத்தையில் தாராளம். பழைய வீடுகளில் உங்கள் ஊர் வட்ட முள் பிளக் போகும், புதிய கட்டடங்களில் சதுர முள்தான். அரிசி வைக்கிற இடத்தில் இரண்டு அடாப்டர் வையுங்கள்.