கேள்வி பதில்: மேக்குக்கும் விண்டோஸுக்கும் ஒரே ஹார்டு டிஸ்க்

கேள்வி: வணக்கம் சார். என்கிட்ட 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருக்கு, இத்தனை நாளா விண்டோஸ் லேப்டாப்ல தான் யூஸ் பண்ணிட்டு இருந்தேன். இப்ப ஆபீஸ்ல மேக் குடுத்திருக்காங்க. அதுல சொருகினா உள்ள இருக்குற போட்டோ வீடியோ எல்லாம் ஓப்பன் ஆகுது, ஆனா புதுசா ஒரு ஃபைல் கூட உள்ள போட முடியல, டெலீட்டும் ஆகல. டிஸ்க் போயிடுச்சா? ஃபார்மட் பண்ணா சரியாகுமா? முக்கால்வாசி நிரம்பிடுச்சு, வேற காப்பி எதுவும் இல்ல.

பதில்: டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. அது என்டிஎஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டத்துல, அதாவது டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்கிற ஒரு முறையில இருக்கு, மேக் அதைப் படிக்கும், ஆனா எழுதாது, அவ்வளவு தான் விஷயம். ரெண்டு மிஷின்லயும் படிக்கவும் எழுதவும் முடியணும்னா ஃபார்மட் பண்ணி எக்ஸ்ஃபேட்ங்கிற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு மாத்துங்க, ஃபார்மட் பண்ணா உள்ள இருக்குறது எல்லாம் போயிடும். ஆனா உங்க கேள்வியில என்னை நிறுத்தினது கடைசி வரி தான். வேற காப்பி இல்லன்னு சொல்றீங்களே, ஃபார்மட்டை விடுங்க, அந்த டிஸ்க் கை தவறி கீழ விழுந்தாலே எல்லாம் போச்சு. அதனால முதல்ல இன்னொரு டிஸ்க் வாங்குங்க, இல்ல யார்கிட்டயாவது கொஞ்ச நாளைக்கு கேட்டு வாங்குங்க, மொத்தத்தையும் அதுல காப்பி பண்ணுங்க, பண்ணிட்டு சும்மா ஃபோல்டர் பேரைப் பாத்துட்டு விட்டுடாம பழைய வீடியோ நாலஞ்சு எடுத்து நடுவுல கடைசியில எல்லாம் ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் தான் ஃபார்மட்.

டேட்டாவை எடுக்காமலே மாத்த முடியாதான்னு அடுத்து கேப்பீங்க. என்டிஎஃப்எஸ்ல இருந்து எக்ஸ்ஃபேட்டுக்கு அப்படி ஒரு வழி விண்டோஸ்ல கிடையாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் இருக்குற பார்டிஷனை, அதாவது டிஸ்க்ல பிரிச்சு வச்ச பகுதியை, ஷ்ரிங்க் குடுத்து சின்னதாக்கி, மிச்ச இடத்துல எக்ஸ்ஃபேட்ல இன்னொரு பார்டிஷன் போடலாம், சிலர் அப்படி தான் ஓட்டுறாங்க. ஆனா அந்த எக்ஸ்ஃபேட் பகுதியை பின்னாடி பெருசாக்கணும்னா அதே டிஸ்க் மேனேஜ்மென்ட் விடாது, பாதியில கரண்ட் போச்சுன்னா உள்ள இருக்குறதுக்கும் ஆபத்து. ஒரே காப்பி வச்சிருக்குற உங்களுக்கு நான் அதை சொல்ல மாட்டேன்.

ஃபார்மட் பண்றது சின்ன வேலை தான். பென்டிரைவ், மெமரி கார்டு, முக்கியமா இப்ப காப்பி எடுத்த அந்த இன்னொரு டிஸ்க், எல்லாத்தையும் கழட்டிடுங்க. விண்டோஸ் லேப்டாப்ல திஸ் பிசியில உங்க டிஸ்க் மேல ரைட் கிளிக், ஃபார்மட், ஃபைல் சிஸ்டம்ல எக்ஸ்ஃபேட், அலொகேஷன் யூனிட் சைஸ் டிஃபால்ட்லயே இருக்கட்டும், குவிக் ஃபார்மட் டிக் இருக்கட்டும். ஸ்டார்ட் அமுக்குறதுக்கு முன்னாடி மேல கெப்பாசிட்டின்னு காட்டுற நம்பரைப் பாருங்க. 2 டிபி டிஸ்க்னா விண்டோஸ் 1.81 டிபின்னு தான் காட்டும், அது 1024ல கணக்கு போடுது, மேக் 1000ல கணக்கு போட்டு முழு 2 டிபி காட்டும், இடம் எங்கயும் காணாம போகல. நம்பர் பொருந்தலன்னா கையை எடுத்துடுங்க, அது வேற டிரைவ்.

எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினதும் ஒரு பழக்கம் மாறணும். என்டிஎஃப்எஸ் என்ன மாத்தப் போறேன்னு முதல்ல ஒரு லாக்ல எழுதி வச்சுட்டு தான் மாத்தும், நடுவுல வயரைப் பிடுங்கினாலும் பெரும்பாலும் அதை வச்சு சமாளிச்சுக்கும். எக்ஸ்ஃபேட்ல அந்த ஜர்னலிங் இல்ல. காப்பி முடிஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் இஜெக்ட் குடுத்துட்டு தான் கழட்டணும், ரெண்டு மிஷின்லயும். இன்னொண்ணு, பெரிய டிஸ்க்ல எக்ஸ்ஃபேட் டிஃபால்ட்டா 128 கேபி துண்டு துண்டா தான் இடம் ஒதுக்கும், 2 கேபி ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடிச்சுக்கும். வீடியோ போட்டோவுக்கு அது கணக்கே இல்ல, குட்டி குட்டி ஃபைல் லட்சக்கணக்குல வச்சிருக்கவங்களுக்கு தான் இடம் கரையும். மேக்ல டைம் மெஷின் பேக்கப்பும் இதே டிஸ்க்ல எடுக்கணும்னு நினைச்சா எக்ஸ்ஃபேட் சரிப்படாது, அதுக்குத் தனி டிஸ்க் வச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணா, என் டிஸ்க்ல 200 ஜிபி காலியா இருக்கு, ஆனா 6 ஜிபி படம் ஒண்ணு காப்பி பண்ணா ஃபைல் ரொம்ப பெருசுன்னு சொல்லுது. ஏன்?

பதில்: உங்க டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபைல் சிஸ்டத்துல இருக்கு தம்பி. அதுல ஒரு ஃபைலோட சைஸை எழுதி வைக்க 32 பிட் தான் இடம், அதனால ஒரு தனி ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகவே முடியாது, எவ்வளவு காலியா இருந்தாலும். உங்களுக்கு ஒரு நல்ல சேதி, ஃபேட்32ல இருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மட்டும் டேட்டாவை அழிக்காம மாத்துற கன்வெர்ட் கமாண்ட் விண்டோஸ்லயே இருக்கு. காப்பி எடுத்துட்டு தான் அதையும் ஓட்டணும். டிவியில சொருகிப் பாக்குற டிஸ்க்னா எந்த ஃபைல் சிஸ்டம் சப்போர்ட் பண்ணுதுன்னு டிவி மேனுவல்ல முதல்ல பாருங்க, எல்லா டிவியும் என்டிஎஃப்எஸ்ஸோ எக்ஸ்ஃபேட்டோ படிக்காது.

கேள்வி: ஃப்ரெண்டோட டிஸ்க்கை என் விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டா, யூஸ் பண்றதுக்கு முன்னாடி ஃபார்மட் பண்ணணும்னு ஒரு பாக்ஸ் வருது. ஓகே குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க, கேன்சல் குடுங்க! எனக்கு இந்த பாக்ஸ் மேல ரொம்ப நாள் கோவம். இதைப் படிக்கத் தெரியலன்னு சொல்லாம ஃபார்மட் பண்ணு ஃபார்மட் பண்ணுன்னு கேக்குது, ஜனங்களும் நம்பி அமுக்கிடறாங்க. ஃப்ரெண்டு மேக் வச்சிருந்தா அது ஏபிஎஃப்எஸ்ல இருக்கலாம், லினக்ஸ்னா எக்ஸ்ட்4ல இருக்கலாம், விண்டோஸுக்கு அது ரெண்டும் நேரடியா படிக்க வராது. கடைசியா எந்த மிஷின்ல ஓடுச்சோ அதுலயே போட்டுப் பாருங்க. அங்கயும் வரலன்னா, உள்ள இருக்குறது வேணும்னா, விண்டோஸோட செக் டிஸ்க் மாதிரி டிஸ்க்கை சரிபண்ற புரோகிராம் எதுவும் ஓட்டாம ரெகவரி தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. டிக் டிக்னு சத்தம் வந்தா உடனே கழட்டிடுங்க, திரும்பத் திரும்ப சொருகிப் பாக்கப் பாக்க இன்னும் கெட்டுப்போகும்.

ஏற்கனவே அமுக்கிட்டீங்கன்னா, அது குவிக் ஃபார்மட்டா இருந்தா இன்னும் நம்பிக்கை இருக்கு. ஃபைல் எங்க இருக்குன்னு எழுதி வச்ச அட்டவணை தான் போயிருக்கும், சுத்துற ஹார்டு டிஸ்க்ல டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடக்கும், மேல எதையும் காப்பி பண்ணாம எடுத்து வைங்க. எஸ்எஸ்டின்னா ட்ரிம், அதாவது அழிச்ச இடத்தை டிஸ்க்கே துடைச்சு வைக்கிற வசதி, வேலை செஞ்சு அதையும் துடைச்சிருக்க வாய்ப்பு அதிகம். குவிக் டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் பண்ணியிருந்தா, விஸ்டா வெர்ஷன்ல இருந்து விண்டோஸ் மொத்த டிஸ்க்லயும் பூஜ்ஜியத்தை எழுதிடுது, அதுக்கப்புறம் எந்த சாஃப்ட்வேர்னாலயும் மீட்க முடியாது.

கேள்வி: லினக்ஸ்ல எக்ஸ்ஃபேட் ஓடுமா?

பதில்: ஓடும். மைக்ரோசாஃப்ட் 2019ல அதோட ஸ்பெசிஃபிகேஷனை வெளியிட்டதுக்கு அப்புறம் லினக்ஸோட மையப் பகுதியான கெர்னல்லயே வந்துடுச்சு, கெர்னல் 5.7ல இருந்து நல்ல டிரைவரே இருக்கு. லினக்ஸ்ல மட்டும் தான் யூஸ் பண்ணப் போறீங்கன்னா எக்ஸ்ட்4 போடுங்க.