சட்டமன்றப் பேஜ் பிள்ளைகளைக் கவனிக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

வவுனியாவில் பல வருடங்கள் ஆசிரியையாக இருந்துவிட்டுச் சென்ற கோடையில் ரொறொன்ரோவுக்கு வந்து சேர்ந்த உங்களுக்கு, ஒன்ராறியோ சட்டமன்றத்தில் பேஜ்களாக, அதாவது சபையில் உறுப்பினர்களுக்குச் சிறு உதவிகள் செய்யும் மாணவர்களாக, பணியாற்ற வரும் பிள்ளைகளைக் கவனிக்கும் குழுவில் உதவியாளர் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மிகுந்த மகிழ்ச்சி. பிரம்பும் அதட்டலும் இல்லாமல் இந்த வயதுப் பிள்ளைகளை எப்படிக் கட்டுக்குள் வைத்திருப்பது, அவர்கள் பெயர் சொல்லி அழைத்தால் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா, அரசியல்வாதிகள் நிறைந்த இடத்தில் புதிதாக வந்த ஒருவர் எப்படி நடந்துகொள்வது, தமிழ்ப் பிள்ளை ஒன்று வந்தால் அதனுடன் தமிழில் பேசலாமா என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். இதே வகையான வேலையில் பல காலம் இருந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் வரப்போகும் பிள்ளைகள் யார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒட்டாவாவில் கனடிய நாடாளுமன்றத்தின் கீழவையிலும் பேஜ்கள் இருக்கிறார்கள்; 1978இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஆண்டுதோறும் 40 பேர் சேருகிறார்கள். ஆனால் அவர்கள் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டு மாணவர்கள்; தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளக் கூடியவர்கள். ஒன்ராறியோ சட்டமன்றம் இருக்கும் குயின்ஸ் பார்க்கில் உங்கள் பொறுப்பில் வருபவர்களோ ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். மாகாணத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் தெரிவாகி, இரண்டு முதல் ஆறு வாரங்கள் வரை அங்கே பணியாற்றுகிறார்கள். கறுப்பும் வெள்ளையுமான சீருடையில் சபாநாயகரின் மேடைப் படிகளில் அமர்ந்திருப்பார்கள். உறுப்பினர்களுக்குத் தண்ணீர், குறிப்புகள், ஆவணங்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். 124 உறுப்பினர்களின் முகங்களையும் பெயர்களையும் இருக்கைகளையும் மனப்பாடம் செய்துவைத்திருப்பார்கள். இடையில் பாடங்களும் உண்டு. அதாவது ஒரே நாளில் அவர்கள் பணியாளர்களாகவும் மாணவர்களாகவும், வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்திருக்கும் குழந்தைகளாகவும் இருக்கிறார்கள். இந்த மூன்றில் எந்த நேரத்தில் எது மேலோங்கி நிற்கிறது என்பதைக் கண்டுகொள்வதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி.

கட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் கவலைப்படும் அளவுக்கு அங்கே குறும்பு இருக்காது. தங்கள் பள்ளிகளில் முன்வரிசையில் நின்றவர்களே பெரும்பாலும் அங்கு வருகிறார்கள். அவர்களை வாட்டுவது தவறு செய்துவிடுவோமோ என்ற பயம். ஒருநாள் கேள்வி நேரத்தில் ஒரு பையன் உறுப்பினர் ஒருவரின் மேசையில் தண்ணீர்க் கோப்பையை வைக்கும்போது விளிம்பில் தட்டி, பாதித் தண்ணீர் அவருடைய தாள்களின்மீது கொட்டிவிட்டது. உறுப்பினர் நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பையன் வெளியே வந்தபோது அவனுடைய காதுகள் சிவந்து, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், இனி உள்ளே போகமாட்டேன் என்றான். நான் அவனுக்கு ஆறுதல் சொல்லி உட்கார வைக்கவில்லை. இரண்டு துடைப்புத் தாள்களைக் கையில் கொடுத்து, கோப்பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதே, வைக்கும்போது உறுப்பினரின் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார் என்று மட்டும் சொல்லி, அடுத்த கோப்பையை அதே உறுப்பினருக்கே கொண்டுபோகச் செய்தேன். அவன் போனான், வைத்தான், வந்தான். அந்த மதியத்துக்குப் பிறகு நான் சொன்ன எதையும் அவன் மறுத்ததில்லை. இந்தப் பிள்ளைகள் கீழ்ப்படிவது நம் குரலுக்கு அல்ல. தாங்கள் தடுமாறும்போது இவர் நம்மை மற்றவர்கள் முன் தலைகுனிய விடமாட்டார் என்ற நம்பிக்கைக்கே அவர்கள் கீழ்ப்படிகிறார்கள்.

அதனால் ஒருபோதும் ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளின் முன்னால் கண்டிக்காதீர்கள். ஊரில் வகுப்பு முழுவதற்கும் பாடமாக இருக்கட்டும் என்று ஒருவரை எழுப்பி நிற்கவைப்பது நமக்குப் பழக்கமாக இருந்தது. இங்கே அது அவமானப்படுத்துவதாகவே எடுத்துக்கொள்ளப்படும், அப்படி எடுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது என்றும் நான் நம்புகிறேன். சற்றுத் தள்ளி அழைத்து, மற்றவர்களின் கண்ணில் படும்படியாகவும் காதில் விழாதபடியும் நின்று, என்ன நடந்தது என்று கேளுங்கள். காரணத்தைச் சொல்லித் திருத்துங்கள். 'நான் சொன்னால் செய்ய வேண்டும்' என்பதற்கு இந்தப் பிள்ளைகளிடம் எடுபடும் வலிமை இல்லை. 'மணி ஒலித்தால் உறுப்பினர்கள் வாக்களிக்க ஓடிவருவார்கள், நடைபாதையின் நடுவில் நின்றால் மோதிவிடுவார்கள், அதனால் சுவரோரம் நில்' என்று சொல்லிவிட்டால் மறுநாள் அவர்களே புதியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பார்கள். கை வைப்பது பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆசிரியர்கள் உடல் தண்டனை கொடுக்கக் கூடாது என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2004இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. செல்லமாகக் காதைத் திருகுவதும் தலையில் குட்டுவதும்கூட அங்கே இடமில்லாத செயல்கள்.

பெயர் சொல்லி அழைப்பதைப் பொறுத்தவரை, விடுங்கள். அந்தப் பணியிடத்தில் வழக்கம் எதுவோ அதுவே உங்களுக்கும். நாற்பது வயதுக்காரரை அவரது பெயரால் அழைக்கும் பிள்ளை அவரை மதிக்கவில்லை என்று பொருளல்ல. அது தன் மேலாளரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படித்தான் அழைக்கப் போகிறது. உங்கள் பெயரைச் சரியாக உச்சரிக்க மட்டும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். சுருக்கிக்கொள்ளத் தேவையில்லை. 124 பெயர்களைப் படித்தவர்களுக்கு உங்கள் பெயர் பெரிய சுமை அல்ல.

கட்சிச் சார்பின்மைதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும், உள்ளே இருப்பவர்களுக்குக் கடினமான விடயம். காலை 10:30க்குக் கேள்வி நேரம் தொடங்கியதும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சலிடுவதைப் பிள்ளைகள் முதன்முறையாக அருகில் இருந்து பார்ப்பார்கள். கைதட்டவோ சிரிக்கவோ முகம் சுளிக்கவோ கூடாது. வெளியே வந்ததும் 'அவர் பொய் சொன்னாரா?', 'எந்தக் கட்சி நல்லது?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விகளை அமுக்கிவிடாதீர்கள். எந்த விதியின்படி கேள்வி கேட்கப்பட்டது, அமைச்சர் எதற்குப் பதில் சொன்னார், எதைத் தவிர்த்தார் என்று அவர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். உங்கள் கட்சி எது என்பதை மட்டும் அவர்கள் கடைசி நாள்வரை அறியக் கூடாது. அந்த மண்டபத்தின் மரச் சிற்பங்களில் ஆளுங்கட்சியினர் பார்க்கும்படியாக ஓர் ஆந்தையும், எதிர்க்கட்சியினர் பார்க்கும்படியாக ஒரு கழுகும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆள்பவர்கள் அறிவோடு ஆளவும், எதிரே இருப்பவர்கள் விழிப்போடு கண்காணிக்கவும் நினைவூட்டுவதற்காக என்பார்கள். பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். இரண்டு தரப்புக்கும் அங்கே வேலை இருக்கிறது என்பதை எந்த விளக்கத்தையும்விட அது நன்றாகப் புரியவைக்கும்.

தமிழராகிய நமக்கு இதில் கூடுதலான ஒரு சோதனை உண்டு. 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் லோகன் கணபதியும் விஜய் தணிகாசலமும் அந்தச் சபைக்குத் தெரிவானார்கள். தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்கான 104ஆம் இலக்கச் சட்டமூலம் 2021 மே மாதம் அங்கேதான் நிறைவேறியது. நம் உயிரோடு கலந்த விடயங்கள் அந்த மண்டபத்தில் பேசப்படும்போது உங்கள் கண்கள் கலங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அந்த நேரத்தில் பிள்ளைகள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அதைவிடவும் கடினமானது ஒன்று இருக்கிறது. நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்ததும், ஸ்காபரோவில் உள்ள தூரத்து உறவினரும் கோவிலில் சந்திப்பவர்களும் 'இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள்' என்று வந்து நிற்பார்கள். அன்பாக, ஆனால் ஒவ்வொரு முறையும் மறுத்துவிடுங்கள். உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்று வழி சொல்லுங்கள்; அது எல்லோருக்கும் திறந்திருக்கும் கதவு.

இனிச் சொல்லப்போவது எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. சட்டமன்றம் அதிகாரம் உள்ளவர்களின் இடம். அதிகாரம் உள்ள பெரியவர் ஒருவர் தன்னிடம் நின்று பேசினாலே பெருமைப்படும் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகளிடம் மிகுந்த கனிவோடு நடந்துகொள்பவர்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனாலும் வொஷிங்டனில் நடந்தவை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பேஜ்களாக இருந்த 17 வயதினருடன் தகாத உறவு வைத்திருந்ததற்காக 1983இல் இரண்டு உறுப்பினர்கள் சபையின் கண்டனத்துக்கு ஆளானார்கள்; 2006இல் முன்னாள் பேஜ்களுக்கு ஆபாசமான குறுஞ்செய்திகளை அனுப்பிய ஓர் உறுப்பினர் பதவி விலகினார். செலவையும் தொழில்நுட்ப மாற்றத்தையும் காரணம் காட்டி அந்தச் சபை 2011இல் தன் பேஜ் திட்டத்தையே நிறுத்திவிட்டது. பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு எல்லோரையும் பார்க்கப் பழக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பிள்ளை எந்த மாடியில், யாருக்கு, எதைக் கொண்டுபோயிருக்கிறது, எப்போது திரும்ப வேண்டும் என்பது உங்களுக்கு எந்த நிமிடமும் தெரிந்திருக்க வேண்டும். திரும்பப் பிந்தினால் காத்திராமல் போய்ப் பாருங்கள். ஓர் உறுப்பினரின் அலுவலகக் கதவு மூடியிருந்தால் தட்டுவதற்கு உங்களுக்குத் தயக்கம் இருக்கக் கூடாது. உங்களுக்கும் அதே விதிதான்: மூடிய அறையில் ஒரு பிள்ளையுடன் தனியாக இருக்காதீர்கள், உங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்பாதீர்கள்.

ஒரு பிள்ளை ஏதாவது சொல்லத் தொடங்கினால், 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் அதிபரிடம் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது. ஒன்ராறியோவில் அப்படி இல்லை. 2017ஆம் ஆண்டின் சிறுவர், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டத்தின்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்று துன்புறுத்தப்படுகிறது அல்லது கவனிப்பாரின்றி விடப்படுகிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், சந்தேகித்தவரே உடனடியாகச் சிறுவர் உதவிச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மேலாளர் பார்த்துக்கொள்வார் என்று அவரிடம் ஒப்படைத்துவிட முடியாது. மேலாளருக்கும் சொல்லுங்கள், ஆனால் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் நீங்கள். குற்றத்தை நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல. கேட்டதைப் பிள்ளையின் சொற்களிலேயே, நேரத்தோடு எழுதிவைத்து அறிவிப்பதே உங்கள் வேலை. நாட்டுக்குப் புதியவர், ஆங்கிலம் தடுமாறுகிறது, வம்பு எதற்கு என்ற எண்ணம் அந்தக் கணத்தில் எழும். எழட்டும், ஆனாலும் அழைத்துவிடுங்கள்.

உடலைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நெடுநேரம் அசையாமல் நிற்கும்போது முழங்காலை இறுக்கிப் பூட்டிக்கொள்ளும் பிள்ளைகள் மயங்கி விழுவதுண்டு. முழங்காலைச் சற்றுத் தளர்த்தி வைக்கவும், காலை உணவைத் தவிர்க்காமல் இருக்கவும் தினமும் சொல்லுங்கள். தீபாவளிக்கு ஆசையோடு வீட்டில் செய்த முந்திரி லட்டைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். 2003இல் இந்த மாகாணத்தில் சப்ரீனா ஷானன் என்ற 13 வயதுச் சிறுமி பள்ளியில் உண்ட உணவின் ஒவ்வாமையால் இறந்தார். அவர் பெயரால் 2005இல் பள்ளிகளுக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. எந்தப் பிள்ளைக்கு எது ஒவ்வாது, அதன் ஊசி மருந்து எங்கே இருக்கிறது என்பதை முதல் மணி நேரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பெண் பிள்ளைகளில் சிலருக்கு அந்த வாரங்களில்தான் முதல் மாதவிடாய் வரும். உங்கள் மேசை இழுப்பறையில் அணையாடைகளும் ஒரு மாற்றுக் காற்சட்டையும் இருக்கட்டும். இருக்கிறது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கட்டும், கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் எடுத்துக்கொள்ளும்படி.

தண்டர் பே போன்ற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டு நினைவு இரண்டாம் வாரத்தில் கடுமையாகும். அந்த ஊர் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெற்றோர் நினைத்தவுடன் வர முடியாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு ஓய்வு கொடுப்பதைவிடப் பொறுப்பு கொடுப்பது நல்லது என்பது என் அனுபவம். புதிதாக வந்த இன்னொரு பிள்ளைக்கு இருக்கை வரிசையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தமிழ்ப் பிள்ளை வந்தால். குழுவுக்கு முன்னால் அதனுடன் தமிழில் பேசாதீர்கள்; மற்றப் பிள்ளைகள் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைப்பார்கள், அந்தப் பிள்ளையும் உங்களுக்கு வேண்டியவள் என்ற பெயரை எடுத்துவிடும். பணி ஒதுக்கும்போது அவளுக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள். நம்மவள் என்ற காரணத்தால் கூடுதலாகக் கண்டிக்கவும் வேண்டாம், ஏனென்றால் நம்மில் பலர் செய்வது அதுதான். மாலையில் அவளை அழைத்துப்போக அம்மம்மா வந்து நின்றால், அவரிடம் தாராளமாகத் தமிழில் பேசுங்கள். பிள்ளை இன்று என்ன வேலை செய்தாள் என்று அவர் கேட்பார். எந்த அமைச்சருக்கு எந்த ஆவணத்தைக் கொண்டுபோனாள் என்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா